மறைக்கத் தெரிந்த நடிப்பு

வியாதியை நடித்துக் காட்டுவது திரையில் அப்படியொன்றும் கடினமான காரியமல்ல. இரண்டு முறை தள்ளாடி நான்கு முறை இருமினால், பார்ப்பவர் கண் தானே கலங்கிவிடும். ஆனால், தனக்கு வியாதி வந்திருப்பதை வாடிக்கைக்காரர்களிடமும் பேத்தியிடமும், ஏன், தன்னிடமுமே ஒளிக்கப் பார்க்கும் ஒரு ஸ்திரீயை நடிப்பது வேறு ஜாதி வித்தை என்பதை, 2019-ஆம் ஆண்டின் டச்சுப் படமாகிய ‘காப்சலோன் ரோமி’யில் பெப்பி மெலிசன் நிரூபித்திருக்கிறார்.

தமரா போஸ் எழுதி, மிஷா காம்ப் டைரக்ட் செய்த கதை இது. பெற்றோர் விவாகரத்தாகிப் பிரிந்துவிட்டமையால், சிறுமி ரோமி பள்ளி விட்டதும் பாட்டி ஸ்டீனே நடத்தும் சிகையலங்கார நிலையத்தில் பொழுதைக் கழிக்க வேண்டியவளாகிறாள். மடியில் கிடத்திக் கதை சொல்லும் மூதாட்டியை எதிர்பார்த்துச் செல்வோருக்கு ஏமாற்றந்தான். இவள் கண்டிப்புக்காரி, குழந்தையின் வருகையைத் தொந்தரவாகவே கருதுபவள். அந்தக் கடுமையை மெலிசன் அவசரப்பட்டு இளக்கிவிடவில்லை. கல்லாக் கணக்கில் தடுமாற்றம் தொடங்கும்போதுங்கூட, அதே கடுமை தவற்றை மறைக்கும் உபாயமாக மாறுகிறதேயன்றி, அனுதாபத்தை யாசிப்பதில்லை. ‘கார்வர்’ நாடகக் குழுவில் ஹாஸ்யத்தில் தேர்ந்தவர் அவர். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்ற காலக்கணக்கு அங்கே பழகியதாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டீனேயைப் பீடித்திருக்கும் அல்ஜைமர் நோயில் பெரும்பாலும் நேற்றைய சமாசாரமே முதலில் அழிகிறது. பல்லாண்டு பழகிய கைத்தொழிலும் பால்யத்தில் பேசிய பாஷையும் நெடுநாள் தங்குகின்றன. டென்மார்க்கில் வளர்ந்த ஸ்டீனேயின் நாவில் டேனிஷ் மொழி திரும்பி வருவதும், அந்நாட்டுக் கடற்கரைக்கு அவள் மனம் ஏங்குவதும், ஆகையால், கதாசிரியையின் வெறுங் கற்பனையல்ல.

ரோமியாக வரும் வீட்டா ஹெய்மனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அலசல் பாதியிலேயே நின்றுவிடும். இரட்டையர் டென்னிஸில் துணைவர் களைத்துவிட்டதை அறிந்த ஆட்டக்காரர், அவர் விடும் பந்துகளையும் தாமே ஓடியெடுத்து, அதனை எதிரிக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வதுண்டு. ரோமி கடையில் செய்வதும் அதுவே. பெரியவர்களைப் போல் முகத்தை வைத்துக்கொள்ளும் குழந்தை நட்சத்திரங்களின் பிணி இச்சிறுமியிடம் இல்லை. பாட்டிக்குப் பதிலாகக் கல்லாவைக் கவனிக்கையில் அவளுக்கு உண்டாகும் சந்தோஷம், பொறுப்பினால் வந்ததன்று, விளையாட்டினால் வந்தது.

பெற்றோரின் பூசலைப் படம் மேலோட்டமாகத் தொட்டுச் செல்கிறது. அதனால் பெரு நஷ்டமில்லை. முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட பாட்டியை ரோமி அங்கிருந்து அழைத்துக்கொண்டு டென்மார்க்குக்குப் புறப்படும் பிற்பகுதியில்தான் எனக்குச் சிறிது மனக்குறை. ஒரு சிறுமியால் இத்தகைய பிரயாணம் சாத்தியமா என்று தர்க்கம் பேச நான் வரவில்லை. குழந்தைகளுக்கான கதையில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால், கடைக்குள் இருந்தவரை இருவருக்குமிடையே நிலவிய சண்டையும் சமாதானமும் கலந்த பேரம், வழிநெடுக அன்பு மட்டுமாகக் கரைந்துபோகிறபோது, மெலிசனுக்கு மறைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.