அத்தை ஆடிய நாள்

ஐயங்கார்குளத்தில் ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாளில் பம்பைச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அத்தை ஆடுவார். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வாக்குக் கேட்பார்கள். மற்ற நாட்களில் அதே உடல் தெருவில் அசைந்தால் 'பைத்தியம்' என்று கதவைச் சாத்துவார்கள். அவருக்கு மனச்சிதைவு நோய் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

மனச்சிதைவுக்கு நடனச் சிகிச்சை என்று இன்று பேசுகிறோம். 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் பணியைத் தொடங்கிய மரியன் சேஸ் அடவு கற்றுத்தரவில்லை. நோயாளியின் அசைவுக்குத் தன் அசைவால் பதில் சொன்னார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். பலன் பற்றிய ஆரவாரம் பிடிக்கவில்லை. இதற்கு நெருங்கிய உடல்வழி உளச்சிகிச்சை, 2006இல் வெளியான 45 பேர் கொண்ட லண்டன் ஆய்வில் உணர்ச்சி முடக்கத்தைக் குறைத்தது. 2016இல் வெளியான 275 பேர் ஆய்வில், பிலாட்டீஸ் உடற்பயிற்சியைவிடச் சொல்லத்தக்க மேன்மை தெரியவில்லை.

இந்த அளவுகோல்களுக்குள் வராதது பெண்ணின் வீடு. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர் தாராவும் குழுவினரும் மணவாழ்வு முறிந்த மனச்சிதைவுள்ள பெண்களைப் பற்றி 2003இல் எழுதினார்கள். கணவன் கைவிட்ட பிறகும் தாலியைக் கழற்றாமல், ஜீவனாம்சமும் இல்லாமல், பிறந்த வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர்.

மாத்திரை வேண்டும். நடனமும் இருக்கட்டும். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் கையை வீசச் சொல்லிவிட்டு, வாசல் தாண்ட விடாத வீட்டுக்கே திருப்பி அனுப்புவது பாதிச் சிகிச்சைதான். அத்தை கேட்டது சஞ்சீவிராயர் கோயில் குளக்கரைவரை தனியாக நடந்துவிட்டு வர. 'தனியாகவா?' என்று தடுத்தவர்களில் நானும் ஒருத்தி.