எரிந்த காமனும் எழும் காமனும்

பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் கிளைப்பாதை கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தோடு முடிகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சுரங்க வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தன. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வேறு தமிழ்க் குடும்பங்கள் கடல் கடந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போயிருந்தன. ஒருவர் மண்ணுக்கடியில் தங்கம் எடுத்தார், மற்றவர் மலைமேல் காப்பியும் தேயிலையும் வளர்த்தார். இருவருக்கும் சொந்தமான கதைகளில் உருமாற்றக் கதைகள் பல: சிவன் வேடனாக வருவது, தூணுக்குள்ளிருந்து நரசிம்மம் புறப்படுவது, காமன் சாம்பலாகி உடலற்றவனாவது. இந்தக் கதைகளை மேடையேற்றுவதில் தமிழ்நாடும் இலங்கையும் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. அவ்விரண்டிலிருந்தும் தங்கவயல் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு.

முதலில் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்து. அங்கே உருமாற்றம் என்பது தேர்ந்த கலைஞரின் வேலை. ஜமா எனப்படும் கூத்துக் குழு ஊர் ஊராகப் போய் ஆடும். அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி முடிக்கவே வெகுநேரம் ஆகும். வேஷக்காரர் அப்படியே சபைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுகிறார். கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும், முகவீணை ஏறும். கட்டியக்காரன் கேள்வி கேட்டு அவர் யாரென்று ஊருக்குச் சொல்ல வைப்பான். திரை விலகும்போது, சற்றுமுன் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் துரியோதனனாக நிற்கிறார்.

இலங்கை மலையகத்துக் காமன் கூத்தில் தொழில்முறை ஜமா இல்லை, லயம் என்னும் தோட்டக் குடியிருப்பின் ஆட்களே வேஷம் கட்டுகிறார்கள். மாசியில் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். மதன் என்னும் காமனும் அவன் மனைவி ரதியுமாக வேஷம் கட்டுவோர் காப்புக் கட்டி நோன்பு இருப்பார்கள். ரதியும் ஆண்தான். தப்பு முழங்க இருவரும் வீட்டு வாசல்தோறும் ஆடி வருவார்கள். ஓலை கொண்டுவரும் தூதன், வீரபத்திரன், எமன் என்று வேஷங்கள் சேர்ந்துகொண்டே போகும். பௌர்ணமியையொட்டி காமன் எரிகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள், பிறகு உயிர் எழுப்புகிறார்கள். நேற்றுவரை கொழுந்து நிறுத்த இடத்தில் பக்கத்தில் நின்றவனே இன்று மதன். கண்முன்னே நடக்கும் அந்த மாற்றத்தை மறைக்க ஒரு திரை இல்லை, தேவையும் இல்லை.

இதே காமன் தஞ்சைப் பக்கத்தில் வேறொன்றானான். லாவணிப் பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவெல்லாம் பாட்டாலேயே வாதிடுவார்கள். தோட்டத்தில் உடம்பால் ஆடப்பட்ட கதை இங்கே அறிவால் அலசப்பட்டது. இரண்டையுமே நான் மதிக்கிறேன். ஆனால் ரதியின் அழுகைக்கு வாதத்தில் இடம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நவீன மேடைக்கு வந்தபோது இன்னொரு வேறுபாடு தெரிந்தது. இலங்கையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ எல்லாம் அப்படி வந்தவை. சி. மௌனகுரு எழுதிய இராவணேசனில் அரக்கன் உள்ளுக்குள் தவிக்கும் மனிதனானான். அங்கே பழைய கதை புதிய மேடைக்கு ஏற்ப மாறியது. தமிழ்நாட்டில் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் மரபினர் நேரெதிராகச் செய்தார்கள். பெரிய சிறகுகளோடு முற்றத்துச் சேற்றில் கிடக்கும் கிழவனைப் பற்றிய கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையைத் தெருக்கூத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே கூத்தின் இலக்கணம் நின்றது, கதை புதிதாக வந்தது.

இதில் எது சரி என்று கேட்பதைவிட எதை இழக்கிறோம் என்று கேட்பதே பயன் தரும். படச்சட்ட மேடை கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பைத் தேடித் தந்தது, ஆனால் சுற்றி உட்கார்ந்த ஊரை ஒரே பக்கத்துக்குத் தள்ளியது. புரிசை வழி கலையின் நுட்பத்தைக் காத்தது, ஆனால் அதற்குப் பரம்பரைத் தேர்ச்சி வேண்டும். எங்கும் எளிதில் முளைக்காது.

மாரிகுப்பத்துக்குக் கதைகளை மறுவாசிப்புச் செய்த சொந்த மரபே இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளை இருந்தது. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் பண்டிகைக் கதைகளையும் தெய்வக் கதைகளையும் பௌத்தக் கண்கொண்டு திருப்பி எழுதினார். அவர் எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக்கியது. கதை மாறலாம், மாற்றுகிற உரிமை நமக்கும் உண்டு என்பதைச் சுரங்கத் தொழிலாளர்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆகவே தங்கவயல் இளைஞர்கள் காமன் கதையை எடுத்து ஆட வேண்டும் என்பேன். கன்னட ஊர்களிலும் ஹோலிப் பௌர்ணமியில் காமனை எரிக்கிறார்கள், அக்கம்பக்கத்தாருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு மலையகத்து வழியே பொருந்தும்: தேர்ந்த ஜமாவுக்குக் காத்திருக்காமல், காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களே வேஷம் கட்டலாம். கதையின் நடுவில் ரதி நிற்க வேண்டும். பாறை வெடித்துச் சரிந்த சுரங்கத்திலிருந்து திரும்பாத கணவர்களுக்காக அழுத பெண்களின் ஊர் இது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரே தன் வாழ்வாதாரத்தை இழந்தது. ரதியின் ஒப்பாரியை இங்கே யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காமனை உயிர் எழுப்பும் கட்டத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் சிரமம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். எரிந்தானா, எரியவில்லையா என்ற தஞ்சைக் கேள்வியை இங்கே ‘எழுவானா?’ என்று மாற்றிக் கேட்டு, கூத்து முடிவதற்குள் ஊரே சேர்ந்து பதில் சொல்லட்டும்.