நான்கு பிளாட்டினப் பொட்டுகள்

மூளையின் மேற்பரப்பில் வைத்துப் பல ஆண்டுகள் மின்தூண்டல் தரும் கருவிகளில் என் மனம் லயித்துப்போனது, நியூரோபேஸ் நிறுவனத்தின் ஆர்.என்.எஸ். கருவியில்தான். மருந்துக்கு அடங்காத, மூளையில் ஓரிரு இடங்களில் மட்டும் கிளம்புகிற வலிப்புக்கானது. 2013 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

மூளைமேல் படுக்கும் அந்த நாடாவைப் பாருங்கள். மெல்லிய சிலிக்கோன், அதில் 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நான்கு பிளாட்டினம்-இரிடியம் வட்டங்கள், ஒவ்வொன்றும் சின்ன ஸ்டிக்கர் பொட்டளவு. இதயம் துடிக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் மூளை லேசாக அசைந்துகொண்டே இருக்கும். விறைப்பான தகடென்றால் அங்கே உறுத்தும். இது வளைந்து கொடுத்து ஒட்டிக் கிடக்கிறது.

அது அனுப்பும் மின்துடிப்பில்தான் உண்மையான நயம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு பாதி. முதல் பாதி செலுத்திய மின்னூட்டத்தை மறுபாதி எதிர்த்திசையில் அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறது. வரவும் செலவும் நேராகாமல் மிச்சம் சேர்ந்தால் உலோகம் அரிக்கும், திசு புண்படும். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டிய ஒன்று, நொடியின் மிகச் சிறு துணுக்குக்குள் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இன்னொரு அழகு, அதன் அடக்கம். தூண்டல் தரும் அதே வட்டங்கள்தான் மூளையின் மின்னலைகளை ஓயாமல் கவனிக்கின்றன. அந்த நோயாளிக்கென மருத்துவர் அமைத்துவைத்த அலைக்கோலம் தென்பட்டால் மட்டும் ஒரு சிறு தூண்டல். எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் பொதுவாக ஒரு நாளில் 6 நிமிடத்தைத் தாண்டாது. பெரும்பாலும் நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.

பலனும் நிதானமாகத்தான் கனிகிறது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளிடம் வலிப்பு, இடைநிலை அளவில், முதலாண்டு முடிவில் 44 சதவீதம் குறைந்திருந்தது; 9 ஆண்டில் 75. வெறுமனே வலிப்பை அந்தந்த நேரத்தில் வெட்டிவிடும் கருவியென்றால் முதல் நாள் பலனே கடைசிவரை நின்றிருக்கும். மூளையின் பின்னலே மெல்ல மாறுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

கருவியின் உடல், மண்டையோட்டில் அளவாக வெட்டிய இடத்தில், ஒரு தாங்கிக்குள் அமர்கிறது. தலையின் வளைவுக்கு இசைய அதுவும் வளைந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் அந்த உடலை மட்டும் கழற்றிப் புதிதை வைப்பார்கள். நாடாவைத் தொடுவதில்லை, பழைய வட்டங்களே புதிய கருவிக்கும் காது.