கலாத்தியர் நிருபமும் அருள்வாழ்வும்

இறைவனுக்கு ஒருவன் உரியவனாதல் தன் ஒழுக்கத்தின் விலையானோ, அன்றி அவ்விறைவனது கொடையானோ என்னும் வினா சமயந்தோறும் எழுவதொன்று. கிறித்தவ சமயத்தில் அவ்வினா அச்சமயம் தோன்றிய தலைமுறையிலேயே எழுந்தது. அதற்கு விடையாகப் பிறந்தது பவுல் என்பார் கலாத்திய நாட்டுச் சபைகளுக்கு வரைந்த நிருபம். ஆறு அதிகாரமே உடைய இச்சிறுநூல், அமைந்த மனத்தோடு எழுதப்பட்ட சாத்திரமன்று. தாம் பெற்ற மக்கள் கைவிட்டுப் போகின்றனர் என்று அஞ்சிய ஒருவர் சினத்தோடும் கண்ணீரோடும் விடுத்த ஓலையாகும். ஆதலின் இதன் பொருளை அறிய விழைவார், இஃது எழுந்த நிலைக்களத்தை முன்னர் அறிதல் வேண்டும்.

கலாத்தியா என்பது இக்காலத்துத் துருக்கி நாட்டின் நடுவண் உள்ள நிலப்பகுதி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவினின்று போந்து ஆண்டுக் குடியேறிய கெல்த்திய மரபினராற் பெயர்பெற்று, கி.மு. 25-இல் உரோமப் பேரரசின் மாகாணமாயிற்று. பவுல் இந்நிருபத்தை விடுத்தது கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பர். அவர் பிற சபைகளுக்கு எழுதுங்கால், வாழ்த்துரைத்தபின் அச்சபையாரைக் குறித்து நன்றி கூறுதலோ இறைவனைப் புகழ்தலோ செய்து, பின்னரே பொருளிற் புகுவர். இந்நிருபத்திலோ அந்நன்றியுரை இல்லை. வாழ்த்து முடிந்தவுடன், இத்துணை விரைவில் நீவிர் வேறொன்றிற்குத் திரும்பியது வியப்பாயிருக்கின்றது என்னும் கருத்தே முந்துகின்றது. இல்லாத அவ்வொரு பகுதியே எழுதினாரது உள்ளநிலையைக் காட்டப் போதியதாம்.

நிகழ்ந்தது யாதெனின், பவுல் அவ்விடம் விட்டு நீங்கியபின் வேறு போதகர் சிலர் அச்சபைகளுட் புகுந்தனர். அவரும் கிறித்துவை ஏற்றவரேயன்றி மறுத்தவரல்லர். யூதரல்லாத கலாத்தியர் முழுமை எய்த வேண்டின் விருத்தசேதனம் செய்துகொள்ளலும் மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளலும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கூற்று அவர் வாய்மொழியாகக் கிடைத்திலது. பவுலின் மறுப்பினின்றே உய்த்துணரப்படுகின்றது. ஆயினும் அவரை அறிவிலார் என்று ஒதுக்குதல் நடுநிலை ஆகாது. ஆதியாகமத்தின் 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம் ஆபிரகாமுக்கு என்றுமுள்ள உடன்படிக்கையின் அடையாளமாகக் கூறப்படுகின்றது. அவன் மனையில் விலைக்குக் கொள்ளப்பட்ட அயலார்க்கும் அது விதிக்கப்படுகின்றது. மேலும், கி.மு. 167-ஐ ஒட்டி அந்தியோக்கு என்னும் கிரேக்க மன்னன் அச்சடங்கைத் தடுத்தபோது, தம் மகார்க்கு அதனைச் செய்வித்த தாயர் உயிரிழந்தனர் என மக்கபேயர் நூல் கூறும். முன்னோர் உயிர்கொடுத்துக் காத்த அடையாளத்தைப் புதிதாய் வந்தாரும் ஏற்றல் வேண்டும் என்றது இயல்பான வேண்டுகோளே. இவ்வன்மையை உணர்ந்தார்க்கே பவுலின் மறுப்பு எத்துணை அரிய செயல் என்பது புலனாம். அவர்தாமும் மூதாதையர் மரபின்கண் மிக்க வைராக்கியங் கொண்டு, கிறித்தவரைத் துன்புறுத்தியவர் என்பதை நிருபத்தின் தொடக்கத்திலேயே மறையாது கூறுகின்றார்.

இந்நிருபத்தின் உயிர்நிலை எனத்தக்கது 2-ஆம் அதிகாரத்துக் கூறப்படும் அந்தியோகியா நிகழ்ச்சியாகும். அந்நகரச் சபையில் யூதரும் யூதரல்லாரும் ஒருங்கிருந்து உண்டு வந்தனர். எருசலேமிலிருந்து வந்த பேதுருவும் அப்பந்தியில் அமர்ந்தார். பின்னர் யாக்கோபினிடமிருந்து சிலர் வந்தனராக, அவர்க்கு அஞ்சிப் பேதுரு பையப் பின்வாங்கித் தனித்து உண்ணலானார். ஏனை யூதரும் அவரைப் பின்பற்றினர். பவுலுக்கு உற்ற துணைவராகிய பர்னபாவும் இழுப்புண்டார். பவுல் யாவர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்நின்று கடிந்தார். ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. பேதுரு ஒரு கோட்பாட்டையும் மறுத்துரைத்திலர். புதிய கட்டளை ஒன்றும் பிறப்பித்திலர். இருந்த இடத்தினின்று எழுந்தார், அவ்வளவே. ஆயினும் அவர் எழுந்தமை வாய்திறவாமலே ஒன்றைக் கூறிற்று: கிறித்துவை ஏற்றது உங்கட்குப் போதாது, எம்மைப்போல் ஆயினாலன்றி எம்மருகே இருத்தற்கு நீவிர் உரியரல்லீர் என்பதே அது. அருளாற் பெற்றதை விதியால் திருப்பி வாங்குதற்குச் சொல் வேண்டுவதில்லை, ஓர் இருக்கையை மாற்றுதல் அமையும் என்பதை இந்நிகழ்ச்சியினும் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை.

ஆதலின் இந்நிருபம் பேசும் செய்தி, நற்செயல் வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று. ஒருவன் யார் என்பதை அறுதியிடுவது எது என்பதேயாம். பவுல் இதனை இரண்டு உவமைகளான் விளக்குகின்றார். ஒன்று, நியாயப்பிரமாணத்தை அவர் கிரேக்க மொழியிற் ‘பைதகோகன்’ என்று குறித்தது. தமிழ்க் கிறித்தவரிடை நெடுங்காலமாக வழங்கும் மொழிபெயர்ப்பு இதனை ‘உபாத்தி’ என்னும் சொல்லாற் பெயர்த்துள்ளது. அச்சொல் மூலத்தின் நயத்தைக் காட்டமாட்டாது. பைதகோகன் பாடஞ் சொல்லும் ஆசிரியனல்லன். செல்வர் மனையிற் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்தேகி, தீநெறிச் செல்லாவாறு காத்து, வேண்டுழிக் கண்டித்து, வளருந்துணையும் உடனிருக்கும் அடிமை ஏவலாளன். அவன் பகைவனல்லன், பயனற்றவனுமல்லன். ஆயினும் அவன் காவற்கு ஓர் எல்லையுண்டு. மகன் பருவமெய்தியபின்னும் அவன் கையைப் பற்றியே நடப்பேன் என்பானாயின், அது பணிவாகாது. மகன் தன் நிலையை மறந்தமையேயாம். உபாத்தி என்று கொள்வார்க்குப் பிரமாணம் கல்வி புகட்டுவதாகத் தோன்றும். காவலன் என்று கொள்வார்க்கே அதன் கால எல்லை விளங்கும்.

மற்றொன்று புத்திரசுவிகாரம். உரோம வழக்கில் சுவிகாரம் செய்யப்பட்டவன் பிறந்த மகனைப்போலவே முழுவுரிமை எய்துவன். அவன் அதனைக் கூலியாக ஈட்டினானல்லன், தந்தையாவான் விரும்பிக் கொடுத்தான். அடிமை செய்யும் பணியையே மகனும் செய்யலாம். ஆயினும் அடிமை மனையினின்று நீக்கப்படுவேனோ என்று அஞ்சிச் செய்வான், மகன் மனை தனதாகலின் செய்வான். செயல் ஒன்றே, செய்வான் வேறு. இவ்வுரிமையின் அடையாளமாகப் பவுல் காட்டுவது ஒரு சடங்கையன்று, ஒரு விளியையே. அரமேய மொழியில் ‘அப்பா’ என்று இறைவனை அழைக்கும் குரல் அது. கிரேக்கர்க்குப் பொருள் கூறவேண்டியிருந்த அச்சொல், தமிழர்க்கு உரை வேண்டாது விளங்குவது ஒரு தற்செயலான நயம்.

அற்றேல், விதி நீங்கியவிடத்து மனம்போனவாறு ஒழுகல் ஆகாதோ எனின், இத்தடை பவுலாலேயே எதிர்நோக்கப்பட்டது. 5-ஆம் அதிகாரத்தில், பெற்ற விடுதலையை உடலிச்சைக்கு வாயிலாக்காது, அன்பினால் ஒருவர்க்கொருவர் அடிமையாமின் என்று பணிக்கின்றார். அடிமைநிலையை இத்துணைக் கடிந்தவர் மற்றோர் அடிமைநிலைக்கு அழைத்தல் முரணன்றோ எனின், அன்று. முன்னையது அச்சத்தாற் கொள்வது. பின்னையது உரிமையுடையோன் தானே விரும்பிக் கொள்வது. இவ்வேறுபாடு அவர் ஆளும் சொற்களிலும் அமைந்து கிடக்கின்றது. தீயொழுக்கங்களை எண்ணுமிடத்து உடலின் ‘செயல்கள்’ எனப் பன்மையாற் கூறியவர், அன்பு முதல் இச்சையடக்கம் ஈறாக ஒன்பதனையும் ஆவியின் ‘கனி’ என ஒருமையாற் கூறினார். மரம் கனி தருவது மரமாதற்பொருட்டன்று, மரமாதலான். கனியில்லாவிடத்து அருள் பெற்றேன் என்னும் சொல் வெறுஞ் சொல்லேயாம். ஆயின் கனிகளை வெளியிலிருந்து கொணர்ந்து பட்டமரத்திற் கட்டித் தொங்கவிடுதலும் வாழ்வு ஆகாது.

இனி, இதே பவுல் தீமோத்தேயு என்பாருக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றதே, அது மாறுகொளக் கூறலன்றோ எனின், விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமின்மையும் ஒன்றுமில்லை என்னும் கருத்தை இந்நிருபத்தில் அவர் இருமுறை வற்புறுத்துதல் நோக்கத்தக்கது. சடங்கு குற்றமன்று, அதனை நுழைவாயிலின் சுங்கமாக்குதலே குற்றம். தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண். அந்நாட்டு யூதர்பொருட்டு அது செய்யப்பட்டது. கிரேக்கராகிய தீத்துவையோ எருசலேமில் விருத்தசேதனத்திற்குக் கட்டாயப்படுத்திலர். அக்கூற்றின் பின்பாதியும் முன்பாதியோடொத்த வன்மையுடையது. சடங்கை விட்டேம் என்பதே ஒருவர்க்குப் பெருமையாயின், அவரும் தாம் விட்டதாகக் கூறிய அந்நிலைக்கே மீண்டவராவர்.

இந்நிருபத்தின் குறைகளையும் கூறாது விடுதல் ஆராய்ச்சியாகாது. எதிரிகளைக் குறித்து 5-ஆம் அதிகாரத்தில் வரும் வசைமொழி, அன்பைக் கனியின் தலைப்பேறாக எண்ணும் அவ்வதிகாரத்திற்கே பொருந்தாதது. 4-ஆம் அதிகாரத்து ஆகார், சாராள் என்பார் கதையை உருவகமாக்கி, சாராள் வழித்தோன்றினார்க்குச் சீனாய் மலையில் அருளப்பட்ட பிரமாணத்தை ஆகார் பக்கத்து வைத்தல், யூதர் எவரும் உடன்படாத வலிந்துகோடலாம். அங்ஙனம் எழுதியவர் யூதர், உடன்பிறந்தாரோடு வழக்கிட்டவர். பிற்காலத்து அவ்வழக்கைக் கையேற்றோர் யூதரல்லர். அவர் கையில் அவ்வுருவகம் ஓரினத்தாரை இகழ்தற்குக் கருவியாயிற்று. வீட்டினுள் நிகழ்ந்த பிணக்கின் சொற்களை வெளியார் எடுத்தாளுதலால் வரும் தீங்கு இதனால் அறியப்படும்.

மார்ட்டின் லூத்தர் வரலாறு இந்நிருபத்தின் ஆற்றலுக்கும் அத்தீங்கிற்கும் ஒருங்கே சான்றாகின்றது. துறவியாய் விரதங்களான் உடலை வருத்தியும் மனத்துணிவு பெறாத அவர், அதன் வழியே ஆறுதல் எய்தினார். 1519-லும் 1535-லும் அதற்கு விரிவுரை வெளியிட்டார். தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டுத் தமக்கு உரியதென்று பாராட்டினார். எனினும் 1543-இல் யூதரை இழித்து அவர் எழுதிய நூல், அருளை விரித்தவர் வாயினின்று வந்ததோ என்று கற்போர் நாணத்தக்கது. மேலும், அவர் தம் காலத்துத் திருச்சபையோடு கொண்ட வழக்கினையே பவுல் காலத்து யூதசமயத்தின்மேல் ஏற்றிக் கண்டமையால், யூதசமயம் அருளறியாத கணக்குச் சமயம் என்னும் எண்ணம் நிலைபெற்றது. 1977-இல் ஈ. பி. சாண்டர்சு என்னும் அறிஞர் யூத நூல்களை ஆராய்ந்து, அவர்க்கும் உடன்படிக்கையில் இடம்பெறுதல் இறைவன் அருளாலேயாம். பிரமாணத்தைக் காத்தல் அவ்வருளுக்கு மறுமொழியாம் என்று காட்டினார். இவ்வாராய்ச்சியால் இந்நிருபத்தின் பொருள் குன்றுவதன்று, கூர்மையுறுகின்றது. அருளை அறியாதவரோடன்று, அருளை அறிந்தும் அதன் எல்லையைத் தம் வேலிக்குள் அமைத்தவரோடே பவுல் வாதிட்டார் என்பது தெளிவாகின்றது.

அவ்வேலி ஒருகாலத்தார்க்கே உரியதன்று. கிருபை என்னும் சொல்லை முன்னிட்டே கிறித்தவர் பிரிந்தனர். திரெந்து நகரச் சங்கம் 1547-இல் தன் தீர்மானத்தை வகுத்தபின், இருதிறத்தாரும் ஒரு பந்தியில் அமராராயினர். 1999 அக்டோபர் 31-இல் அவுக்சுபர்க்கு நகரில் லூத்தர் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் உரோமத் திருச்சபையும் இப்பொருளில் அடிப்படையாக ஒத்த கருத்துடையேம் என்று கையொப்பமிட்டன. எனினும் திருவிருந்திற் பொதுவாக ஒருங்கமர்தல் இன்னும் கைகூடவில்லை. ஏட்டில் ஒத்தமை பந்தியில் ஒத்தமையாகாது என்பதை அந்தியோகியாவே முன்னர்க் காட்டிற்று. அருளைப் பற்றிய சரியான கொள்கையும் புதியதொரு நுழைவுச் சுங்கமாதல் கூடும் என்பதை அச்சபைகளுட் பலர் உணரத் தலைப்பட்டிருத்தல் மகிழத்தக்கது.

எருசலேமின் தூண்கள் எனப்பட்ட மூவரும் பவுலுக்கு வலக்கை கொடுத்து விடுக்குங்கால், அவர் வேண்டியது ஒன்றே: வறியரை நினைமின் என்பது. சடங்கு பற்றி இத்துணை முரணியவர், அதற்கு மட்டும் உடனே உவந்து இசைந்தார். பின்னர் யூதரல்லாத சபைகளிடம் பொருள் திரட்டி எருசலேமின் ஏழையர்க்குக் கொண்டு சென்றார். விதியால் விளையாத ஒன்று அருளால் விளைந்தமைக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா.

நிருபத்தின் முடிவில், எழுதுவோன் கையினின்று கோலை வாங்கித் தம் கையாற் பெரிய எழுத்துக்களாற் பவுல் சில வரி வரைகின்றார். அருளால் வாழ்த்தித் தொடங்கிய ஓலை அருளால் வாழ்த்தியே முடிகின்றது. ஆமென் என்பதற்கு முன்னர்க் கிரேக்க மூலத்தில் இறுதியாக நிற்கும் சொல் ‘சகோதரரே’ என்பது. நன்றி கூறவும் மனமின்றித் தொடங்கியவர், கடிந்து கூறற்குரியன எல்லாம் கூறி முடித்தபின்னும் அவர்களை வேறொரு பெயரால் அழைத்திலர். அவர்கள் திருந்தியபின் அப்பெயரால் அழைப்பேன் என்று அவர் காத்திருந்தாரல்லர். அருள் இன்னதென்பதற்கு ஆறு அதிகாரங்களும் கூறிய வாதத்தினும் அவ்வொரு விளியே அமைந்த விளக்கம் என்க.