தாத்தாவின் ஓட்டும் பிளேட்டோவின் கப்பலும்

2022 நவம்பர் 19. பதினைந்தாவது பொதுத்தேர்தல். எனக்குப் பத்தொன்பது வயது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைத்த திருத்தம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட முடியவில்லை. தாத்தாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுதப் படிக்க வராது. சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டு.

"யாருக்கு தாத்தா போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அத வெளிய சொல்லக்கூடாதுடா" என்று சிரித்தார்.

அந்த மாதம்தான் பிளேட்டோவின் 'குடியரசு' நூலை வாசித்து முடித்திருந்தேன். வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவருடைய ஓட்டும் என்னுடைய ஓட்டும் எப்படிச் சமமாகும்? இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "பதினெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?" என்று பெரியவர்கள் எங்களைப் பற்றிப் பேசியபோது கோபப்பட்டவனும் நான்தான். அதே கேள்வியைத் தாத்தாவின் பக்கம் திருப்பியபோது எனக்குக் கோபம் வரவில்லை. கையில் பிளேட்டோ இருந்தார்.

நூலின் ஆறாம் பகுதியில் ஒரு கப்பல் வருகிறது. கப்பலின் சொந்தக்காரர் ஆள் பெரியவர், பலசாலி. ஆனால் காது மந்தம், பார்வை மங்கல், கடலைப் பற்றிய அறிவும் அதே அளவுதான். மாலுமிகள் சுக்கானைப் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கப்பலோட்டக் கற்றவரில்லை. அது கற்கக்கூடிய கலையே இல்லை என்றும் சாதிக்கிறார்கள். சொந்தக்காரருக்கு மதுவும் மயக்க மருந்தும் கொடுத்துச் சாய்த்துவிட்டுக் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள். நட்சத்திரமும் காற்றும் பருவமும் அறிந்த ஒரே மனிதனை வானத்தைப் பார்த்து உளறுகிறவன் என்று கேலி செய்கிறார்கள்.

சொந்தக்காரர் மக்கள். மாலுமிகள் அரசியல்வாதிகள். வானத்தைப் பார்ப்பவர் தத்துவவாதி. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது, நேற்று எழுதியதுபோல இருக்கிறது. தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டை கொடுப்பதைப் பார்த்த யாருக்கும் அந்த மதுவும் மயக்க மருந்தும் என்னவென்று புரியும். இந்த இடத்தில் பிளேட்டோ சொல்வதை நான் மறுக்கவில்லை. மக்களை மயக்கலாம் என்பது உண்மை. என் சந்தேகம் அவர் அங்கிருந்து போகும் இடத்தைப் பற்றியது. தெரிந்தவன் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார். போதுமா?

முதலில் தலைப்பு. கிரேக்கத்தில் இந்த நூலின் பெயர் 'பொலிதேயா'. ஆட்சியமைப்பு என்று சொல்லலாம். 'ரெஸ் புப்ளிகா', அதாவது பொதுவானது, எல்லோருக்கும் உரியது என்ற லத்தீன் சொல்லின் வழியாக அது 'ரிபப்ளிக்' ஆனது. அங்கிருந்து தமிழில் 'குடியரசு' என்று எழுதுகிறோம். ஆனால் இந்த நூலுக்குள் குடிகளின் அரசு எதுவும் கிடையாது. வெ. சாமிநாத சர்மா தன் மொழிபெயர்ப்புக்கு 'பிளாட்டோவின் அரசியல்' என்று பெயர் வைத்தது, இப்போது யோசித்தால், சரியாகத்தான் படுகிறது.

இரண்டாவது முறை வாசித்தபோதுதான் முதல் பக்கங்களில் நின்றேன். உரையாடல் நடப்பது பைரேயஸ் துறைமுகத்தில் கெஃபாலஸ் என்ற முதியவரின் குடும்பத்து வீட்டில். அவர் ஏதென்ஸில் குடியேறிய வெளியூர்க்காரர். அவருக்கு ஓட்டுரிமை கிடையாது. நீதி என்றால் என்ன என்ற விவாதத்தை அப்பாவிடமிருந்து வாங்கித் தொடர்பவர் மகன் பொலிமார்க்கஸ்.

இந்தப் பொலிமார்க்கஸுக்கு என்ன ஆனது? கி.மு. 404-இல் போரில் தோற்ற ஏதென்ஸில் மக்களாட்சி கவிழ்ந்து முப்பது பேர் கொண்ட குழு ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். பணக்காரக் குடியேறிகளின் சொத்தைக் குறிவைத்தார்கள். பொலிமார்க்கஸை விசாரணையே இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்தார்கள். தப்பி ஓடிய தம்பி லிசியாஸ் பிறகு ஒரு வழக்குரையில் இதையெல்லாம் பதிவு செய்தார். அந்த முப்பது பேரின் தலைவர்களில் ஒருவர் கிரித்தியாஸ். படித்தவர், கவிதை எழுதியவர், சாக்ரடீஸோடு பழகியவர், பிளேட்டோவுக்கு அம்மா வழி உறவினர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 399-இல், மீண்டும் வந்த மக்களாட்சி சாக்ரடீஸுக்கு அதே நஞ்சைக் கொடுத்தது. ஜனநாயகம் மீதான பிளேட்டோவின் கசப்பு அந்தச் சாவிலிருந்து வருகிறது என்று எல்லோரும் சொல்வோம். சரிதான். ஆனால் இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாக்ரடீஸுக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. குலுக்கலில் தேர்ந்த நூற்றுக்கணக்கான குடிமக்கள் முன் அவர் பேசினார், அவர்களைச் சீண்டவும் செய்தார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. தீர்ப்பு தவறு, மன்னிக்க முடியாத தவறு. பொலிமார்க்கஸுக்குத் தவறான தீர்ப்புகூடக் கிடைக்கவில்லை.

பிளேட்டோ இதை அறியாதவரல்ல. அவர் பெயரில் கிடைக்கும் ஏழாம் கடிதம், அந்த முப்பது பேரின் ஆட்சியோடு ஒப்பிட்டால் முந்தைய ஆட்சி பொன்னாகத் தெரிந்தது என்கிறது. கொல்லப்பட்ட மனிதனின் வீட்டிலேயே உரையாடலை நடத்தியதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தன் ஆட்சியாளர்களுக்குத் தங்கம் கூடாது, சொந்தச் சொத்து கூடாது, பொதுப் பந்தியில்தான் சாப்பாடு என்று அவர் விதிப்பதற்குப் பின்னால் இந்த நினைவு இருக்கிறது என்பது என் வாசிப்பு. அதிகாரமும் பணமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அவர். இருந்தும் அவர் கண்ட மருந்து, இன்னும் நன்றாகப் படித்த ஆட்சியாளர். அவரும் கெட்டுப்போனால் குடிமக்கள் எப்படி இறக்குவது? பத்துப் பகுதிகளிலும் தேடினேன். பதில் இல்லை.

கார்ல் பாப்பர் 1945-இல் வெளியிட்ட 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' நூலில் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். 'யார் ஆள வேண்டும்' என்று கேட்டதே பிளேட்டோவின் பிழை. மோசமான ஆட்சியாளர் பெரிய சேதம் செய்யாதபடி அமைப்பை எப்படிக் கட்டுவது என்று கேட்க வேண்டும். பாப்பர் பல இடங்களில் பிளேட்டோவிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். ஆனால் கேள்வியை மாற்றியது அவருடைய பெரிய உதவி.

அதற்கும் வெகுகாலம் முன்பே பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் கப்பலுக்கு ஒரு பதில் எழுதிவிட்டார். 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. வீட்டைப் பற்றி, கட்டியவரைவிட அதில் குடியிருப்பவர் நன்றாகச் சொல்வார். சுக்கானைப் பற்றி, அதைச் செய்த தச்சரைவிடப் பிடித்து ஓட்டுகிறவர் சொல்வார். விருந்தைப் பற்றி, சமைத்தவரைவிடச் சாப்பிட்டவர் சொல்வார். எளிமையான வாதம். இதில் மக்கள் மேதைகள் என்ற புகழ்ச்சி கிடையாது. கூரை ஒழுகினால் நனைகிறவனுக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

கப்பல் உவமையில் விடுபட்டதும் இதுதான் என்று நினைக்கிறேன். எப்படிப் போவது என்பது கப்பலோட்டிக்குத் தெரியும். எங்கே போவது என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. அதைப் பயணிகள்தான் சொல்ல வேண்டும். மூழ்கினால் மூழ்கப் போவதும் அவர்கள்தான்.

போன தீபாவளிக்குத் தாத்தாவிடம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டேன். வெள்ளைக்காரத் துரைகளைப் பற்றிச் சொன்னார். அதில் ஒருவர் ரொம்ப நல்லவராம். பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பார், யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

"அப்ப நல்லாதான இருந்திருக்கீங்க?"

"நல்ல தொரதான். ஆனா அவரு ஊருக்குப் போயிட்டாரு. அடுத்து வந்தவன் எப்படின்னு எங்கள யாரு கேட்டா?"

சிசரோ இதைச் சொல்லியிருக்கிறார். சுதந்திரம் என்பது நல்ல எஜமான் வாய்ப்பது அல்ல, எஜமானே இல்லாதிருப்பது. குடியரசுச் சிந்தனையின் ஆணிவேர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பிளேட்டோவின் தத்துவ அரசர் நல்ல துரை. அவர் போன பிறகு என்ன என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடு வாழ்ந்த மனிதரைத்தான் நான் அன்று வாக்குச்சாவடி வரிசையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

இளம் வாசகர்களுக்கு இந்த நூலை நான் இன்னும் சிபாரிசு செய்வேன். மக்களை மயக்கும் கலையை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துப் படியுங்கள். தன் கற்பனை நகரத்தில் கவிஞர்களுக்குத் தணிக்கை வைத்த பிளேட்டோ, தான் வெறுத்த ஏதென்ஸில் பல பத்தாண்டுகள் பள்ளி நடத்தி, அந்த நகரத்தின் ஆட்சியையே விமர்சித்து எழுதிக்கொண்டிருந்தார். வயதாகி, இயற்கையாகத்தான் இறந்தார்.

வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்த தாத்தா மை பூசிய விரலைக் காற்றில் ஆட்டிக் காயவைத்துக்கொண்டே கேட்டார், "நீ ஒழுங்கா பாத்துப் போட்டியா?"

"போட்டேன் தாத்தா" என்றேன்.