வரைபடம் மறைக்கும் 437 டிகிரி

மக்னீசியத்தின் உருகுநிலை 650 டிகிரி செல்சியஸ். தேர்வுக்காக இதை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் கியர் பெட்டிகளும் கருவி உறைகளும் வார்க்கப் பயன்படுவது தூய மக்னீசியம் அன்று. பெரும்பாலும் 9 சதவிகிதம் அலுமினியமும் சுமார் 1 சதவிகிதம் துத்தநாகமும் கலந்த 'ஏ.இசட். 91' என்ற கலப்புலோகமே பயன்படுகிறது.

கலப்புலோகம், நீர் பனிக்கட்டியாவதுபோல் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. இதைப் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. கூடவே சமநிலை வரைபடம் ஒன்றையும் தருகின்றன. அதன்படி இக்கலவை ஏறத்தாழ 600 டிகிரியில் உறையத் தொடங்கி, 470 டிகிரி அளவில் முழுவதும் திண்மமாகிவிட வேண்டும். திண்ம மக்னீசியம் 437 டிகிரியில் 12.7 சதவிகிதம் வரை அலுமினியத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; இங்கே இருப்பதோ 9 சதவிகிதந்தான். ஆகவே திரவம் எஞ்ச வழியில்லை.

கணக்கு சரிதான். ஆனால் வார்ப்பின் துண்டு ஒன்றை மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். படிகக் கிளைகளுக்கு இடையே, இருக்கவே கூடாத ஒரு பொருள் படிந்திருக்கும். 17 மக்னீசிய அணுக்களுக்கு 12 அலுமினிய அணுக்கள் கொண்ட, எளிதில் நொறுங்கும் சேர்மம் அது.

எப்படி வந்தது? முதலில் உறையும் கிளைகளின் நடுப்பகுதியில் சுமார் 3 சதவிகித அலுமினியமே இருக்கும். மீதி அலுமினியம் திரவத்துக்குத் தள்ளப்படுகிறது. திண்மத்துக்குள் அணுக்கள் ஊர்ந்து பரவிச் சமநிலை அடைய நெடுநேரம் வேண்டும். அச்சிலே வார்த்த உலோகத்துக்கு அந்த அவகாசம் ஏது? திரவத்தில் அலுமினியம் ஏறிக்கொண்டே போய், கடைசிச் சொட்டு 437 டிகிரியில்தான் உறைகிறது. அந்த இடுக்குகளுக்குப் புதுத் திரவம் சென்று சேராவிட்டால், சுருக்கத்தால் நுண்துளைகளும் விழும்.

'சமநிலை' என்ற சொல்லைத் தலைப்பில் அச்சிட்டுவிட்டு, அதன் பொருளை விளக்காமல் விடுவதுதான் இப்பாடங்களின் பெருங்குறை. இது ஏட்டுக் குறை மட்டுமன்று. அச்சேர்மத்தைக் கரைக்க வார்ப்பை உலையிலிட்டு, சுமார் 413 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். வரைபடத்தை நம்பிய மாணவர், '470 வரை பயமில்லை' என்று 450 டிகிரி உலையில் நேரே இட்டால், இடுக்குகளில் உறைந்த பகுதி மீண்டும் உருகிவிடும், வார்ப்பு வீணாகும்.

அதே பக்கத்தில் உண்மையான வார்ப்பின் குளிர்வுக் கோடு ஒன்றையும் வரைந்து, 437 டிகிரியில் அது சற்றே தயங்கி நிற்கும் இடத்தைக் காட்டினால் போதும். அரைப் பக்கங்கூட ஆகாது.