அலெக் கின்னஸின் நடிப்பு: தன்னை மறைத்தலும் அதன் எல்லையும்

பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்ததும், ‘குவாய் நதிப் பாலம்’ லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் 1957 ஒக்டோபரிலேயே நிகழ்ந்தன. இது தற்செயலே. எனினும், 1795 முதல் ஆங்கில அதிகாரிகளின் மிடுக்கைக் கண்டுவந்த இத்துறைமுகப் பிரதேசத்தவருக்கு, அப்படத்தில் அலெக் கின்னஸ் (1914–2000) படைத்த கேணல் நிக்கல்சன் அந்நியரல்லர்.

ஓல்ட் விக் அரங்கில் 1938இல் தற்கால உடையில் ஹம்லெற்றாகத் தோன்றியவர் கின்னஸ். 1943இல் சிசிலித் தரையிறக்கத்திற் கடற்படை அதிகாரியாகப் பணிபுரிந்தார். 1949இல் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெற்ஸ்’ படத்தில் எட்டுப் பாத்திரங்களை ஏற்றார். பாத்திரத்தின் பின்னே தன்னை மறைத்துக்கொள்வதே அவரது கலையின் அடிப்படையாகும்.

நிக்கல்சனில் இப்பண்பு உச்சம் பெறுகின்றது. அதிகாரிகள் உடலுழைப்பிற் கூலிகளாகார் என மறுத்து, வெப்பக் கூண்டில் வதையுண்டு வெளிவரும் அவர், தள்ளாடியபடியே நிமிர்ந்து நடக்க முயல்கின்றார். இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்ட தம் மகனின் நடையை மனத்திற்கொண்டே கின்னஸ் இதனை அமைத்தார். அங்கு கூச்சலில்லை, கண்ணீருமில்லை. அந்த நிமிர்வே பின்னர் எதிரிக்குச் செம்மையாகப் பாலம் கட்டிக்கொடுக்கும் பேதைமையாகவும் மாறுகின்றது. எதற்காக என்று வினவ மறந்த ஒழுங்கின் வெறுமையை வசனத்தினும் மேலாக உடலால் உணர்த்தியமையே அவரது சாதனை. சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது தகுதிபற்றியே கிடைத்தது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. சயாம்–பர்மா இருப்புப்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். நேசநாட்டுப் போர்க்கைதிகளிலும் ஆசியத் தொழிலாளரே மிகுதியாக மடிந்தனர். இலங்கையின் கித்துள்கலவிற் படமாக்கப்பட்ட அக்கதையிலோ பாலம் கட்டுவோராக அவர்களைக் காண்பதற்கில்லை. இது நடிகரின் தவறன்று.

ஆனால் அதே நெறியாளர் டேவிட் லீனின் ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ (1984) படத்தில், முகத்திற் கருமை பூசிப் பேராசிரியர் கொட்போலேயாகத் தோன்றியபோது கின்னஸின் கலையே தடுமாறிற்று. நிக்கல்சனின் ஒழுங்கு அவர் சீருடையில் வாழ்ந்தறிந்த ஒழுங்கு. கொட்போலேயின் சமயவுணர்வோ புறத்தே நின்று பார்த்த விந்தை. எனவே அங்கு மௌனம் ஆழமாகாது, வேடிக்கையாயிற்று. 1957இல் ஆசியத் தொழிலாளர் திரையில் இல்லை. 1984இல் ஆசியர் இருந்தும் முகம் அவருடையதன்று. தன்னை மறைக்கக் கற்றமை மாத்திரம் பிறரை அறிந்தமையாகாது என்பதே இவ்வரிய கலைஞரின் வாழ்வு நமக்குணர்த்தும் பாடம்.